கரை வழி

சிவகிரிப் பக்கம் போனால் காரை ஓரங்கட்டிவிட்டு யாரிடமாவது ஒரு சைக்கிளை இரவல் வாங்குங்கள். ராஜபாளையம் - தென்காசி மெயின் ரோட்டை விட்டு மேற்கே திரும்பினால் போதும். காலை ஆறரைக்கு வெயில் உங்கள் முதுகில் விழும்; எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை முழு வெளிச்சத்தில் நிற்கும். நெல், கரும்பு, தென்னை, நடுநடுவே எலுமிச்சைத் தோட்டம். ஆடி மாதமென்றால் எதிர்க்காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். திரும்பும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம்.

ஒரு தோப்போரம் இளைப்பாறினேன். மோட்டார் ரூம் வாசலில் இருந்த பெரியவர், "யாரப் பாக்கணும்யா?" என்றார்.

"யாரையும் இல்லைங்க. சும்மா, மலையைப் பார்க்கத்தான்."

"நாங்களும் அதத்தான் பாக்கோம். ராத்திரி ஆனை எறங்குதான்னு."

அசடு வழிய எழுந்தேன். ஆனால், நான் சொல்ல வந்தது அது இல்லை.

என்னைக் கூட்டிப்போனவர் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த நண்பர். என் வயதுதான். ஊருக்குள் நேர்ரோடு இருந்தும், கண்மாய்க் கரை மேலே சுற்றி அழைத்துப்போனார். ஒரு பக்கம் தண்ணீர், கொக்குகள், மறுபக்கம் நாற்றங்கால். "என்ன அருமையான வழி!" என்று நான் உருகியதும் சைக்கிளை நிறுத்தினார். "அருமைன்னு யாரு சார் இந்த வழியில வந்தா? எங்கப்பா காலத்துல அந்தத் தெருவுல நாங்க சைக்கிள்ல ஏறிப் போக முடியாது. எறங்கி உருட்டிட்டுப் போகணும். எங்கப்பா ரோஷக்காரரு. எறங்க மாட்டேன்னு கரையைச் சுத்தியே போனாரு."

1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் நமக்குத் தெரியும். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காகத்தான் அத்தனை பேர் சிறை போனார்கள். நம் பெரியார் இரண்டு முறை போனார். நடப்பது என்றால் நமக்குக் காற்று வாங்குவது. சர்க்கரை குறைய டாக்டர் எழுதிக்கொடுப்பது. எந்தத் தெருவில் இறங்க வேண்டும் என்ற யோசனையே இல்லாமல் நான் ஆயுள் முழுக்க சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அதை சுதந்திரம் என்று நினைத்தேனே தவிர, சலுகை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா?

ஒருவரின் அவமானம் போட்ட பாதையை இன்னொருவர் ரசிக்கலாமா? கொக்குக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்த பிறகும் என் கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது என்பதுதான் சங்கடம்.

நண்பரின் மகள் ப்ளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில், அந்தத் தெரு வழியாகத்தான் மணியடித்தபடி போய் வருகிறாளாம். "யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. நேர்ல சொல்றதில்ல" என்றார்.

மறுநாள் காலை, ஊர் முனையில், "இன்னிக்கு நேரா போவோமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தார். பிறகு கரைப் பக்கமே திருப்பினார்.

"பழகிருச்சு சார். காத்தும் நல்லாருக்கும்."

நானும் பின்னாலேயே போனேன்.