சித்தம் கலங்கிய காலத்துச் செயல்

ஒருவர் சித்தம் கலங்கியிருந்த காலத்தில் பேசிய சொல்லையும் செய்த செயலையும், அவர் தெளிந்த பின் அவர்மீது சுமத்துதல் அறமாகுமா? பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களில் இது ஏட்டு வினா அன்று. குடும்பங்களைப் பிளக்கும் வினா. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமுமாக நடந்தே வருகின்றன. பல வீடுகளில் அடுப்பங்கரையில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் வழங்குகின்றன. "ஊளம்பாறைக்குப் போக வேண்டியவன்" என்னும் ஏச்சு மட்டும் இரு மொழிக்கும் பொது! 1870-இல் தோன்றிய திருவனந்தபுரம் மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிக்கொண்டோம். அங்கே மருந்துண்டு நோயினின்று மீண்டவர், அப்பெயரினின்று மீள்வது அரிதாக இருக்கிறது.

இங்கு நாம் கருதும் நோய் இரண்டு துன்பங்கள் கலந்தது. இல்லாத குரலைக் கேட்பதும், அயலார் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என அசைக்க முடியாதபடி நம்புவதும் மனச்சிதைவின் குறிகள். உறக்கமின்றிப் பொங்கும் எழுச்சியும், அதற்கு நேர்மாறான ஆழ்ந்த சோர்வும் மனநிலைக் கோளாற்றின் குறிகள். இவ்விரு வகையும் ஒருவரிடத்தே கலந்து தோன்றுவதை ஜேக்கப் கஸானின் என்னும் மருத்துவர் 1933-இல் ஒன்பது நோயாளரைக் கொண்டு விளக்கி, 'ஸ்கிசோஅஃபெக்டிவ்' எனப் பெயரிட்டார். எழுச்சியும் சோர்வும் அடங்கிய நாட்களிலும் குரலோ பொய்ந்நம்பிக்கையோ இரண்டு வாரமேனும் தனித்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு வகுத்த இலக்கணத்தின் ஒரு கூறு. ஆயிரத்தில் மூவர் அளவினர்க்கு வாழ்நாளில் இது நேரலாம் என மதிப்பிடுவர்.

வருவதும் தணிவதுமாக இருப்பதே இந்நோயாளிக்குப் பெரும் பகையாகிறது. என்றும் கலங்கியிருப்பவரிடம் ஊர் இரக்கம் கொள்ளும். நேற்று வெறியோடு கூவித் திரிந்தவர் இன்று தலைவாரிச் சந்தைக்கு வந்தால், "இவன் நடித்தானன்றோ?" என்று கேட்கும்.

அந்த ஐயத்திற்கு வினய பிடகத்தில் ஒரு விடை உண்டு. கக்கர் என்னும் பிக்கு சித்தம் கலங்கியவராய் இருந்தார். உபோசத நாளைச் சில வேளை நினைப்பார், சில வேளை மறப்பார். சில வேளை வருவார், சில வேளை வாரார். சங்கம் அவரை விலக்கவில்லை. அவர் வந்தாலும் வாராவிடினும் உபோசதம் செல்லும் என அவருக்கென்றே ஒரு முடிவு செய்துகொண்டது. பின்னர் அவர் தெளிந்தபோது, கலங்கிய காலத்துச் செயல்களைச் சொல்லிச் சில பிக்குகள் அவரைக் குற்றம் சாட்டினர். "நான் பித்தனாயிருந்தேன், நினைவில்லை" என்று அவர் பன்முறை கூறியும் விடவில்லை. அப்பொழுது புத்தர் வகுத்ததே அமூள்ஹ வினயம்: தெளிந்தவர் சங்கத்தின் முன் தாமே மும்முறை வேண்ட, சங்கம் கூடி அவரை அக்குற்றச்சாட்டினின்று விடுவிக்கும். பித்தனைப்போல் நடித்தவனுக்கு அது செல்லாது என்ற வரம்பும் உண்டு. விடுதலையை ஒருவர் தம் மனத்துக்குள் வழங்கிக்கொண்டால் போதாது, சபை கூடி வழங்க வேண்டும் என்றது எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. குற்றம் சாட்டியவர்களும் அச்சபையில் இருந்தார்களன்றோ?

முன்வினை என்று சொல்லிக் கைகழுவுவோரும் உளர். மோளிய சீவகர் இதையே வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாயு, பருவமாறுதல் முதலிய காரணங்களையெல்லாம் எண்ணிய பின்னரே புத்தர் வினையை ஒன்றாகச் சேர்த்தார். எல்லாம் முன்வினையே என்போர் கூற்றை மறுத்தார். வினையின் பெயரால் மருந்தை மறுக்க நமக்கு இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுபோய் விட்டவர்களிற் பலர் தீய எண்ணம் உடையவர் அல்லர்.

மருந்து உண்டு, எளிதன்று. குரலையும் பொய்ந்நம்பிக்கையையும் தணிக்கும் மருந்துகளின் வரிசை 1952-இல் பாரிஸில் குளோர்ப்ரோமசீனோடு தொடங்கிற்று. எழுச்சியை அடக்க லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலியரான ஜான் கேட் 1949-இல் வெளியிட்டார். இந்நோய்க்கு இவ்விரு வகையும் சேர்த்தே பெரும்பாலும் தரப்படுகின்றன; சோர்வு மிகுந்தால் அதற்குரியதும் சேரும். லித்தியம் உண்பவர் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதித்தல் வேண்டும். வெயிலில் உழைத்து வியர்த்து உடல்நீர் வற்றினும், மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளை விழுங்கினும் அது இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யும். மணமான பெண்ணுக்கு இதை முன்னமே சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டதென்று மருந்தைத் தாமே நிறுத்துவதால் நோய் மீள்வது மிகப் பல. அவ்வாறு நிறுத்துபவரைக் கடியுமுன், அம்மருந்து தரும் உடற்பருமனையும் கைந்நடுக்கத்தையும் நாம் சுமக்கவில்லை என்பதை எண்ணுதல் நன்று.

இனிக் கடினமான இடம். எழுச்சிக் காலத்தில் ஒருவர் தென்னந்தோப்பை அரைவிலைக்கு எழுதிக்கொடுத்தால்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தெளிந்த வேளையில் செய்ததே செல்லும், கலங்கிய வேளையில் செய்தது செல்லாது என்கிறது. அதனால், குரல் ஒன்று காதில் ஒலித்துக்கொண்டே இருந்தும் விலையறிந்து, மக்கள் நலம் எண்ணிக் கையொப்பமிடுபவரைக் கலங்கியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், நோய் உண்டு என்பதொன்றே ஒருவரைச் சித்தம் தவறியவராக்காது என்று கூறுகிறது. தோப்பை மீட்கச் சட்டத்தை நாடும் தம்பிமாரே, தெளிந்த நாளில் அண்ணன் எழுதிய பத்திரத்தையும் அதே நோயைக் காட்டி மறுப்பதை நாம் ஒப்புதற்கில்லை.

அதே சட்டம், நோயாளி தெளிந்திருக்கும்போதே, மீண்டும் கலங்கினால் தம்மை எவ்வாறு நடத்த வேண்டும், எவ்வாறு நடத்தலாகாது, தம் சார்பில் பேசவேண்டியவர் யார் என்பதை எழுதிவைக்க உரிமை தருகிறது. எல்லைக் கிராமத்தார் இதனைத் தமிழிலும் மலையாளத்திலுமாக இரு படிகள் எழுதுவது நலம். நள்ளிரவில் நோயாளியைத் திருவனந்தபுரத்திற்கும் கொண்டு செல்வர். நாகர்கோவிலுக்கும் கொண்டு செல்வர். இரு இடத்து மருத்துவரும் படிக்கும்படி அப்படிகளை மருந்துச் சீட்டோடும் கடைசி இரத்தச் சோதனைக் குறிப்போடும் ஒரே உறையில் வைத்து, அவர் பெயர் குறித்தவரின் கையில் கொடுத்திருக்க வேண்டும்.