பெயர் சொல்லி அழைத்தல்

ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது அவரோடு ஓர் உறவை ஏற்பதாகும். அழைத்தவர், வந்தவருக்குப் பொறுப்புடையவராகின்றார். விலங்குகளின் குரலைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு அறிய முற்படும் இன்றைய ஆய்வின் அறப்பிரச்சினையும் இவ்வெளிய உண்மையிலேயே தங்கியுள்ளது.

கென்யாவின் அம்போசெலி, சம்புரு பகுதிகளில் 1986 முதல் 2022 வரை பதிவு செய்யப்பெற்ற யானைகளின் 469 தாழ்குரல் முழக்கங்களைக் கணினியின் துணையால் ஆராய்ந்த முடிவுகள் 2024இல் வெளியாயின. ஒலியமைப்பை மட்டுங் கொண்டு, எந்த யானையை நோக்கி எழுந்த குரல் என்பதைக் கணினி 27.5 சதவீதமானவற்றிற் சரியாகக் கண்டது. தற்செயலாய் விளையக்கூடியதிலும் இது மிகுதி. பின்னர் 17 யானைகளுக்கு முழக்கங்கள் ஒலிபெருக்கியாற் கேட்பிக்கப்பட்டன. பிறரை நோக்கியவற்றிலும் தம்மை நோக்கியவற்றிற்கே அவை விரைந்து நெருங்கின. மறுகுரலும் மிகுதியாகக் கொடுத்தன. யானைகள் பெயர்போன்ற ஒன்றால் ஒன்றையொன்று விளிக்கின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆயின், நெருங்கி வந்த யானை அங்கே கண்டது யாது? உறவினரை அன்று, ஒரு கருவியையே. ஆய்வின் பொருட்டுச் சிலமுறை செய்த இதனைக் குற்றமெனல் மிகை. எனினும், இவ்வறிவு முதிருமாயின், பயிர்நிலத்தினின்று விலக்கி உயிர்காக்கவும், தந்தத்துக்காக அழைத்துக் கொல்லவும் அதே விளி உதவும். கருவி இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. வேறுபடுத்த வேண்டியவர் நாமே.

கேட்கும் ஆற்றல் பேசும் உரிமையைத் தந்துவிடாது. சொல்வதற்கு நேர்மையான செய்தியொன்று நம்மிடம் உண்டாகும்வரை, கேட்போராக இருத்தலே நமக்குத் தகும்.