குனியத் தெரிந்தவரே நிமிர்ந்து நிற்பார்!

நண்பா, பணிந்து போகிறவன் ஏமாளி என்று உன் காதில் யாரோ ஓதி வைத்திருக்கிறார்கள். அடுத்தவருக்காக உழைக்கிறவன் பிழைக்கத் தெரியாதவன், குரலை உயர்த்திப் பேசுகிறவனே ஜெயிக்கிறவன் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை இன்றோடு அழித்துவிடு!

அதிகாரத்தின் முன் குனிந்தால் அது அச்சம். அடுத்தவர் துன்பத்தின் முன் குனிந்தால் அது வீரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நிமிர வேண்டிய இடத்தில் வளைகிறோம், குனிய வேண்டிய இடத்தில் விறைத்து நிற்கிறோம்.

மன்னனுக்கு வளையாத தோள்

ஏழாம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைக்கிறான். வர மறுக்கிறார் ஓர் அடியார். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுவது என்று அடுத்தடுத்துக் கொடுமைகள். எதற்கும் அவர் அசையவில்லை என்கிறது பெரியபுராணம். அவர்தான் அப்பர் என்கிற திருநாவுக்கரசர்.

ஓர் அரசையே எதிர்த்து நின்ற அந்த மனிதரின் கையில் இருந்த படை எது தெரியுமா? கோயில் பிராகாரத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்குகிற உழவாரப்படை! ஊர் ஊராக நடந்தார், பாடினார், பாடிய கையோடு தரையைச் சுத்தம் செய்தார்.

திருப்பூந்துருத்தியில் நடந்ததைக் கேள். முத்துச் சிவிகையில் வருகிறார் திருஞானசம்பந்தர். வயதில் மிக இளையவர். கூட்டத்துக்குள் புகுந்த முதியவர் அப்பர், ஒருவர் கண்ணிலும் படாமல் அந்தச் சிவிகையைத் தோளில் தாங்கினார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்டபோது பதில் சிவிகையின் அடியிலிருந்து வந்தது. சம்பந்தர் பதறி இறங்கி அவரை வணங்கினார்.

நன்றாகப் பார்! மன்னனுக்கு வளையாத அதே தோள்தான் ஒரு பிள்ளையின் பல்லக்கைச் சுமந்தது. தன் மதிப்பு தனக்கே தெரிந்தவருக்கு எந்த வேலையும் இழிவில்லை. அது தெரியாதவருக்குத்தான் முதல் வரிசை நாற்காலி வேண்டும், சால்வை வேண்டும், மேடையில் பெயரைச் சொல்ல வேண்டும். அவையெல்லாம் பிறர் கொடுப்பவை. கொடுத்தவர் நினைத்தால் பறித்துக்கொள்ளவும் முடியும். பிறருக்குப் பயன்பட்டதால் வந்த தன்னம்பிக்கையைப் பறிக்க எவராலும் முடியாது!

கோணிய விரல்கள்

"அது புராணம், இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா?" என்கிறாயா? மதுரைக்கு வா.

1918-ல் எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. உறவுக்காரப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்துபோனதைப் பார்த்தவர். மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவர் கனவு. 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பணிக்குப் போனார். முப்பது வயதில் முடக்குவாதம் தாக்கியது. படுத்த படுக்கையானார். விரல்கள் கோணிப்போயின. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கனவு முடிந்தது.

அவர் வாழ்க்கை முடிந்ததா? இல்லை! கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களை அறுவைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்!

1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டு உட்கார வேண்டிய வயது என்று ஊர் சொல்லும். மணம் செய்துகொள்ளாத அவர், உடன்பிறந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்ட முடிந்தவர் கட்டுவார். அந்த வருமானத்தில் முடியாதவருக்கும் பார்வை கிடைக்கும். ஏழை என்பதற்கு அத்தாட்சி கேட்டு யாரையும் கூனிக் குறுக வைப்பதில்லை. கண்புரை நீக்கியபின் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியாகி ஏழைக்கு எட்டாத விலையில் விற்றது. 1992-ல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான அரோலேப் நிறுவப்பட்டு, மதுரையிலேயே மலிவான விலையில் அந்த லென்ஸ் தயாரானது.

இத்தனைக்கும் வேர் எது? அவர் தன் விரல்களைப் பார்த்து அழுதுகொண்டிருக்கவில்லை. எதிரில் இருந்தவரின் கண்களைப் பார்த்தார்! தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் குறைதான் தெரியும். பிறர் துன்பத்தைப் பார்ப்பவனுக்குத் தன் கையில் மிச்சம் இருக்கும் பலம் தெரியும். தாழ்வு மனப்பான்மைக்கு இதைவிடப் பெரிய மருந்து உண்டா?

இன்றே இறங்கு!

"முதலில் நான் உயர்கிறேன், பிறகு உதவுகிறேன்" என்று தள்ளிப் போடாதே. சம்பளம் கூடியதும் செய்யலாம், வீடு கட்டியதும் செய்யலாம் என்றவர்களில் பலர் கடைசிவரை செய்யவே இல்லை. பணம் வேண்டாம், நேரம் போதும். வங்கியில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பாட்டிக்கு எழுதிக் கொடு. அரசு ஆஸ்பத்திரியில் எந்த வரிசை என்று தெரியாமல் நிற்கும் கிராமத்தவரை உடன் அழைத்துப் போய் உட்கார வை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடு. உன் தெருவைக் கூட்டுகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள், மரியாதையோடு அழை. நீ சாப்பிட்ட தட்டை நீயே கழுவு. அம்மாவுக்குச் செய்யாத தொண்டை ஊருக்குச் செய்து என்ன பயன்?

செய்ததைப் படம் பிடித்துப் போடாதே. வாங்குகிறவர் முகத்தில் கூச்சம் தெரிந்தால் உன் உதவியில் எங்கோ ஆணவம் கலந்திருக்கிறது. அதைக் களைந்துவிட்டு மறுபடி கொடு. பணிவு என்ற பெயரில் அநியாயத்துக்குத் தலையாட்டவும் செய்யாதே. எளியவனை மிதிக்கும் கையைத் தடுப்பதும் தொண்டுதான்!

"உனக்கென்ன லாபம்?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பார். சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்குத் தைரியம் உண்டு? அவர் குனிவதால்தான் ஊர் சாப்பிடுகிறது.

உன் படிப்பு, உன் உடல் வலிமை, உன் நேரம் எல்லாம் பலருடைய உழைப்பால் உனக்கு வந்தவை. பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கிறவனுக்குக் கர்வம் எதற்கு? கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவனுக்குத் தயக்கம் எதற்கு? எழுந்திரு! நீ தேவைப்படும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அழைப்புக்குக் காத்திராமல் போ, உன் கையால் ஆனதைச் செய், நாளையும் போ. ஒருவருக்கேனும் உன்னால் விடிந்தால், உன்னால் என்ன முடியும் என்று உலகம் உன்னைக் கேட்க வேண்டியதில்லை. நீயும் உன்னைக் கேட்க மாட்டாய்!