மொத்தக் கணக்கும் மூச்சுக் கணக்கும்

எங்க சேரி ஊருக்குக் கிழக்கால இருக்கு. ஏன் கிழக்கேன்னு சின்ன வயசுல ஆயாகிட்ட கேட்டேன். "மேல்காத்து அடிக்கிறப்ப நம்ம மேல பட்ட காத்து அவங்க மேல படக்கூடாதுல்ல" என்றது ஆயா. ஊர்க் குப்பையை எரிக்கிற புகை மட்டும் எங்க அடுப்படி வரைக்கும் வரலாம்.

யாரைப் புகையோரத்தில் குடிவைப்பது என்பதைச் சில நாடுகளில் நிறம் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட், வில்மிங்டன் எண்ணெய் ஆலைகளின் ஓரத்தில் பெரும்பாலும் வாழ்பவர்கள் கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவரும்தான்.

அந்த மாநிலம் 2006இல் காலநிலைச் சட்டம் ஒன்று போட்டது. 2020க்குள் வெப்பம் கூட்டும் வாயுக்களை 1990இன் அளவான 43.1 கோடி டன்னுக்குக் கொண்டுவர வேண்டும். 2016லேயே 42.9 கோடிக்கு இறக்கிவிட்டார்கள். சட்டம் வென்றது என்று எழுதி முடித்துவிடலாம். எனக்கு மனசு வரலே.

2013 முதல் அங்கே ஒரு சந்தை நடக்கிறது. மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு. அதற்குள் ஆலைகள் வாயு வெளியிடும் அனுமதியை வாங்கலாம், விற்கலாம். ஓர் ஆலை குறைத்தால் இன்னொன்று பழையபடியே விடலாம். வானத்துக்கு இதில் நஷ்டமில்லை. கரியமில வாயு எங்கிருந்து போனாலும் ஒன்றுதான். ஆனால் அது தனியாகவா வருது? நுண்துகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சில் இறங்குகிறது.

சந்தை தொடங்கிய முதல் மூன்றாண்டுகளில், வரம்புக்கு உட்பட்ட ஆலைகளில் 52 சதவீதம் முன்பைவிட அதிக வாயுவை வெளியிட்டதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏழைப் பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் உள்ள இடைவெளி குறைந்தது என்று 2023இல் இன்னோர் ஆய்வு. குறைந்திருந்தால் நல்லதுதான். ஆனால் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை.

2017இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, பாதிக்கப்பட்ட பகுதிகளில் காற்றை அளக்கச் சொன்னது. மற்றது, சந்தைக்கு உட்பட்ட ஆலைகளின் கரியமில வாயுவுக்கு வட்டாரக் காற்று வாரியங்கள் தனி வரம்பு போடக்கூடாது என்று தடுத்தது. அளக்கலாம், அடக்கக்கூடாது!

அப்போ சட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்லலே. வெயில் ஏறினா முதல்ல சுருண்டு விழறது வயல்லயும் ரோட்டுலயும் வேலை செய்றவங்கதான். மொத்தம் குறையத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் மூச்சில் விழும் நஷ்டத்தை இன்னொருவருக்குக் கிடைத்த லாபத்தில் கழித்துவிட யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த மூச்சுக்காரரைக் கேட்டார்களா?

எவ்வளவு குறைந்தது என்பதோடு யார் வீட்டில் குறைந்தது என்றும் கேட்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். மொத்தக் கணக்கில் எங்க ஊரும் சுத்தமான ஊர்தான். குப்பை ஊருக்குள்ள எரியறதில்லையே.