களரியில் எந்தப் பக்கம்

மட்டக்களப்புக் கூத்துக் களரிக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. வட்டக் களரியின் நடுவில் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, கூத்தர் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஊர் நாலு பக்கமும் உட்கார்ந்திருக்கும். அருச்சுனன் சபதம் போடும்போது வடக்கில் இருந்தவருக்கு அவன் முகம் தெரியும், தெற்கில் இருந்தவருக்கு முதுகு. விடிந்த பிறகு தேநீர்க் கடையில் பேசும்போது ஒவ்வொருவரும் வேறு வேறு கூத்தைப் பார்த்து வந்தவர்போலப் பேசுவார்கள். அதில் யாருக்கும் வியப்பு இராது.

சினிமாவுக்குத் திரை ஒன்று, பக்கமும் ஒன்று. எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் எல்லாரும் ஒன்றையே பார்த்தோம் என்று நம்பிவிடுகிறோம். நடிப்பு நன்று, இரண்டாம் பாதி தொய்வு, ஒளிப்பதிவு அருமை என்று எழுதுகிறோம். எழுதியவர் எந்த ஊரிலிருந்து, என்ன இழப்போடு பார்த்தார் என்பது மட்டும் அங்கே இருப்பதில்லை. பழைய படங்களையும் புதிய படங்களையும் பார்த்துச் சில வரிகள் குறித்துவைப்பது என் பழக்கம். மீண்டும் படிக்கையில் அவற்றில் உயிரோடு இருப்பவை, இந்த வாவிக்கரையில் இருந்து பார்த்ததால் மட்டுமே எழுத முடிந்தவை. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திராவின் படங்களைப் பற்றிய குறிப்புகளில்தான் இது எனக்கு முதலில் புலப்பட்டது.

அவர் 1939இல் பிறந்தது இங்குள்ள அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கு ஆடி அமாவாசையன்று ஊர் திரளும் இடத்தில். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். கித்துல்கலவில் களனி கங்கைக் கரையில் எடுத்து 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ அது. இயக்குநர் மழை என்று குரல் கொடுக்க, மழை பெய்தது. தானும் ஒரு நாள் அப்படி மழையை வரவழைக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் நினைத்தான். பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தார். ‘நெல்லு’, ‘முள்ளும் மலரும்’, ‘சங்கராபரணம்’, மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’ எல்லாம் அவர் கண் வழியாக வந்தவை.

அவர் படங்களில் இருப்பது மட்டக்களப்பு வாவியின் ஒளி என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நான் சொல்ல மாட்டேன். சன்னல் வெளிச்சத்தை நம்பிப் படம் எடுப்பது கற்றுத் தேர்ந்த தொழில். அதில் அவர் குருவாக மதித்தது சத்யஜித் ராயை. அந்த உழைப்பை ஊரின் வெயிலுக்குக் கொடுத்துவிடுவது நியாயமல்ல. அவரிடம் எங்கள் ஊர் இருப்பது வேறொரு இடத்தில்.

‘அழியாத கோலங்கள்’ (1979): பருவம் எட்டிப் பார்க்கும் வயதில் மூன்று பையன்கள், அவர்கள் மனதைக் கலைக்கும் ஓர் ஆசிரியை. ஆசிரியையாக வரும் ஷோபாவின் சிரிப்பைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவன் நீரில் மூழ்கிப் போகிறான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊரில், தண்ணீரோடு போய்விட்ட தோழனின் நினைவு பலருக்கு உண்டு. என் குறிப்பில் ஷோபா இல்லை, அந்தப் பையன்தான் இருக்கிறான்.

‘மூன்றாம் பிறை’ (1982) பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடையில் வரும் சில்க் ஸ்மிதாவின் பகுதி அன்றும் இன்றும் படத்துக்கு ஒட்டவில்லை. கடைசி ரயில் நிலையக் காட்சியைக் காதலின் தோல்வியாகக் கண்டு தமிழகம் அழுதது. எங்கள் பக்கம் கண்டது வேறு. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டார்கள்; திரும்பி வரவில்லை. அப்படிப் போனவர்களைத் தேடும் தாய்மாருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு கண்டால் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியுமா என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கமல்ஹாசன் குரங்குபோல் ஆடிக் காட்டியும் நினைவு மீண்ட ஸ்ரீதேவி அவனை அறியாத முகத்தோடு போய்விடுகிற காட்சியை அந்தப் பயத்தோடு பார்த்தவர்களுக்கு அதில் காதலே இல்லை.

‘வீடு’ (1988) பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சென்னையில் தாத்தாவோடும் தங்கையோடும் வாடகைக்கு இருக்கும் சுதாவை வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்கிறார். குடும்பத்துக்கென்று இருந்த நிலத்தில் சொந்தமாகக் கட்டத் தொடங்குகிறாள். கடன் வாங்குகிறாள், ஒப்பந்தக்காரர் சீமெந்தைக் களவாடுகிறார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் ஒரு நாள் தனியே போய், பூசாத சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரை விடுகிறார். இவ்வளவுக்கும் பிறகு, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்டுவிட்டது என்று அதிகாரிகள் வந்து சொல்கிறார்கள். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நடுத்தர வர்க்கத்தின் கனவு என்றும், வேலைக்குப் போகும் பெண்ணின் துணிவு என்றும் படத்தைப் பாராட்டினார்கள். அதுவும் சரிதான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. குடி தாய்வழியாக வரும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் சீதனமாக அவள் பெயரில் எழுதப்படும்; மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பான். தமிழரிடம் மட்டுமல்ல, இங்குள்ள முஸ்லிம் மக்களிடமும் இதுதான் வழக்கம். மகள் பிறந்த வீட்டில் அடுத்த வீட்டுக்கான கணக்கு அப்போதே தொடங்கிவிடும். மேசனுக்கும் ஓடாவிக்கும் கூலி சேர்த்து, சீமெந்துப் பைகளை எண்ணி, அத்திவாரத்தோடு நின்றுபோன சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவள் அம்மா. ஆகவே வீடு கட்டப் புறப்பட்ட பெண் எங்களுக்குப் புதுமையல்ல. எங்களை உலுக்கியது அவளுடைய தனிமை. தாய் இல்லை, கூட நிற்கத் தாய்மாமன் இல்லை, குடியும் கோயிலும் இல்லை. இங்கே ஒரு சுற்றமே சேர்ந்து சுமக்கும் பாரத்தை அவள் ஒற்றை ஆளாகத் தூக்குகிறாள்.

பாலு மகேந்திரா பின்னாளில் ஒன்று சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது அம்மா ஒரு வீடு கட்டத் தொடங்கினாராம். அந்தக் கட்டுமானம் அம்மாவின் கலகலப்பையெல்லாம் எடுத்துக்கொண்டது. அந்த நினைவிலிருந்து வந்த படம்தான் ‘வீடு’. சென்னையின் தெருவில் நடக்கும் கதைக்கு அத்திவாரம் எங்கள் கரையில் போடப்பட்டது. மட்டக்களப்பு அவர் படத்தில் காட்சியாக வரவில்லை. அவர் எந்தப் பக்கம் இருந்து பார்த்தார் என்பதில் அது இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தப் படத்தை முன்போல் பார்க்க முடியவில்லை. கடலோர நாவலடியில் வீடுகள் இருந்த இடத்தில் மணல் மிஞ்சியது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்கு விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். பின்னர் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் பலர் திராய்மடு போன்ற இடங்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். உறுதி கையில் இருக்க, உன் காணியில் நீ கட்ட முடியாது என்று ஒரு கடதாசி சொல்வது என்னவென்று சுதாவுக்குத் தெரியும், நாவலடிப் பெண்களுக்கும் தெரியும். அதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. புதிதாகக் கட்டிக் கொடுத்த வீடுகளைக் குடும்பத் தலைவர் பெயரில், அதாவது ஆணின் பெயரில், எழுதும் முறை வந்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த ஒன்று ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் திசைமாறியது. ‘வீடு’ படத்தின் இறுதியில் சுதா நீதிமன்றத்துக்குப் போகிறாள், தீர்ப்பு இன்னும் வரவில்லை. இங்கே அது முடிவாகத் தோன்றுவதில்லை, கதை இனித்தான் தொடங்குகிறது.

புதியவற்றில் ‘தீபன்’ (2015). கான் விழாவின் தங்கப் பனையைப் பெற்ற படம். கடைசித் துப்பாக்கிச் சண்டை வேறு ஏதோ படத்துக்குரியது என்பது என் எண்ணம். ஆனால் போரிலிருந்து தப்பக் கடவுச்சீட்டுக்காகக் குடும்பம்போல் ஒன்றுசேர்ந்த மூவரில், தாய் என்று சொல்லப்பட்டவளிடம் அன்பைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் ஒரு சிறுமி இருக்கிறாளே, அவளுக்காக மீண்டும் பார்ப்பேன்.

பாலு மகேந்திராவின் கடைசிப் படம் ‘தலைமுறைகள்’ 2013 டிசம்பரில் வந்தது. தாத்தாவாக அவரே நடித்தார். தமிழ் தெரியாமல் சென்னையிலிருந்து கிராமத்துக்கு வரும் பேரனும், ஆங்கிலம் தெரியாத தாத்தாவும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். நாடகத்தன்மை சற்றுக் கூடிய படம் என்று சொன்னார்கள். ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பிறந்த பேரப்பிள்ளைகளை வட்ஸ்அப்பில் பார்த்து, அவர்கள் பேசுவது விளங்காமல் தலையை மட்டும் ஆட்டும் அம்மம்மாக்கள் நிறைந்த ஊரில் அது நாடகமாகவே தோன்றவில்லை. படம் வந்து இரண்டு மாதத்துக்குள், 2014 பெப்ரவரி 13இல், அவர் சென்னையில் காலமானார்.

பக்கத்தைச் சொல்லாமல் எழுதும் விமர்சனம் பொதுவானதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு பெரிய நகரத்தின் பக்கத்தை எல்லாருடைய பக்கமாகவும் ஆக்கிவிடுகிறது. நாங்களும் அந்தப் பக்கத்தில் போய் நின்று எங்கள் படங்களையே பார்க்கப் பழகியிருக்கிறோம். கூத்தர் ஒரு முழுச் சுற்று ஆடி வந்தால்தான் நாலு பக்கமும் அவர் முகத்தைக் கண்டிருக்கும். அதற்குள் கூத்தைப் பற்றிய பேச்சு ஒருவர் பேச்சாகவே இருக்கும். படமும் அப்படித்தான். முப்பது நாற்பது வருடம் ஆனாலும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே முகம் காட்டிய படம் இன்னும் சுற்றி முடிக்கவில்லை. ‘வீடு’ எங்கள் பக்கம் இன்னும் திரும்பவில்லை. அதற்குக் காரணம் படமல்ல, நாங்கள் பார்த்ததைச் சொல்லாமல் இருந்ததுதான்.

அவகாசமும் அதிகம் இல்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் மூல நெகடிவ்கள் அழிந்துவிட்டன என்று கடைசிக் காலத்தில் அவரே வருந்திப் பேசினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் இருப்பது மங்கலான பிரதிகள்தான். அவை போதும். கல்லடியில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ‘வீடு’ படத்தைத் திராய்மடுவில் போட வேண்டும். தாய்மாரும் கலியாணம் கட்டிய மகள்மாரும் வந்து பார்க்க வேண்டும். படம் முடிந்ததும் யாரும் உரை நிகழ்த்த வேண்டாம். அவர்கள் சொல்வதை, பெயருக்கு எழுதப்படாத வீட்டைப் பற்றியும் நாவலடியில் விட்டுவந்த வளவைப் பற்றியும் சொல்வதை, ஒருவர் பக்கத்தில் இருந்து சொல் மாறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.