பதினைந்து புள்ளி நாயகர்

1961–62 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து அரங்கை அதிரவைத்தவர் வில்ட் சேம்பர்லைன். ஆட்டத்துக்குச் சராசரியாக 50 புள்ளிகள். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100! ஆனால், அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் யார் என்று களத்தில் ஆடியவர்களே வாக்களித்தபோது தேர்வானவர் பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல்.

ரஸ்ஸலின் வாழ்நாள் சராசரி வெறும் 15 புள்ளிதான்.

அவருடைய வித்தை வேறு. எதிராளி எறியும் பந்தை ஓங்கி அடித்துக் கூட்டத்துக்குள் பறக்கவிட்டால் கைதட்டல் கிடைக்கும். பந்து என்னவோ எதிரணிக்கே போய்விடும். ரஸ்ஸலோ அதைக் களத்துக்குள்ளேயே, தன் அணிக்காரர் எடுக்கத் தோதாகத் தட்டிவிடுவார். வளையத்தில் மோதித் திரும்பும் பந்தைப் பிடித்தாலும் அப்படித்தான். உடனே அணித்தோழர் பாப் கௌசியிடம் கடத்திவிட, எதிரணி சுதாரிப்பதற்குள் மறுமுனையில் வேறு யாராவது புள்ளி சேர்த்திருப்பார். இத்தகைய தடுப்புகளை எண்ணிவைக்கும் வழக்கம்கூட அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் அப்போது கிடையாது. பெயர் வாங்க ஆசைப்படுகிறவர் செய்கிற வேலையா இது?

13 பருவங்களில் 11 கோப்பைகள். 1966 முதல் மூன்று பருவங்களுக்கு ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அந்த மூன்று பருவங்களில் இரண்டு கோப்பைகள் பாஸ்டனுக்குத்தான்.