பேசாமல் விற்கலாமா?

வியாபாரத்தில் பொய் சொல்லலாகாது என்பது நம்மவரில் யாருக்கும் புதிதாக எடுத்துச் சொல்லவேண்டிய விஷயமன்று. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுகிறவனைக் கடைத்தெருவில் யாரும் மதிப்பதில்லை. ஆனால், வாயைத் திறவாமலே இருந்துவிட்டால் என்ன? விற்கிறவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, வாங்குகிறவர் ஒன்றும் கேட்கவில்லை, சரக்குக் கைமாறிவிட்டது. இதில் குற்றம் உண்டா, இல்லையா?

இக்கேள்வி ஏட்டைப் புரட்டி எழுந்ததன்று. ரந்தாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்கு அருகே, தகப்பனார் காலந்தொட்டு மளிகைக் கடை நடத்திவரும் நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டில் நேர்ந்த சங்கடத்திலிருந்து பிறந்தது. அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. டாட்சன் 1600 எஸ்.எஸ்.எஸ். என்னும் நான்கு கதவு வண்டி. இளையவர்களில் பலர் இதன் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். 1967-ல் வெளிவந்த இந்த வகை, குடும்பத்தார் ஏறிச்செல்லும் சாதாரணக் காரைப் போலவே தோன்றும். ஆனால் 1,595 சி.சி. எஞ்சினும், இரட்டைக் கார்புரேட்டரும், பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுக்கும் அமைப்பும் இதற்கு உண்டு. 1970-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில், நம் தோட்டத்துச் செம்மண் பாதைகளைப் போன்ற பாதைகளில் ஓடி முதலிடம் பெற்றது இவ்வகை வண்டியே. ஆகவே இன்றும் இதைத் தேடியலையும் ரசிகர்கள் உண்டு. பழுது பார்த்துப் பழைய அழகுக்குக் கொண்டுவருவதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

நண்பரின் தகப்பனார் எழுபதுகளில் வாங்கிய வண்டி அது. சம்பள நாளில் புத்தகக் கடன் வசூலுக்குத் தோட்டத்துக்குள் போனதும், பிரசவ வலி கண்ட பெண்களை இரவோடிரவாகச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றதும், புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் ஏறியிறங்கிக் குவாலா பிலாவுக்குப் போய்வந்ததும் அந்த வண்டிதான். பிறகு காலம் மாறிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து ஜனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். கடை வியாபாரமும் குன்றிற்று. வண்டி பத்தாண்டுகளுக்கு மேலாகக் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் உறங்கிற்று. கடைக்கூரை ஒழுகுகிறது, மனைவிக்குக் கண் சிகிச்சை செய்யவேண்டும். வண்டியை விற்பதென்று முடிவு செய்தார்.

வாங்க வந்தவர் ஓர் இளைஞர். அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தகப்பனார் அங்கே பால் வெட்டியவர். இப்பொழுது சிரம்பானில் வேலை பார்க்கிறார். தார்ப்பாயை விலக்கியதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“பாய், சின்ன வயசிலே எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த வண்டியிலேதானே ஏத்திட்டுப் போனீங்க? இதை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க” என்றார்.

பதினெட்டாயிரம் வெள்ளி என்று நண்பர் சொன்னார். இளைஞர் பேரம் பேசவே இல்லை. அடுத்த வாரம் பணத்துடன் வருவதாகச் சொல்லிப் போனார்.

நண்பருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

முதலாவது, மைல் கணக்கு. மீட்டர் 41,260 மைல் என்று காட்டிற்று. ஆனால் அக்காலத்து மீட்டர்களில் முழு மைலுக்கு ஐந்தே இலக்கங்கள். 99,999 முடிந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த மீட்டர் இரண்டு முறை அப்படித் திரும்பியதை நண்பர் கண்ணால் கண்டிருக்கிறார். உண்மையில் ஓடியது 241,260 மைல். சுமார் 388,000 கிலோமீட்டர். மீட்டரை ஒருவரும் தொடவில்லை. அது காட்டும் எண்ணும் பொய்யன்று. ஆனால் அதைப் பார்க்கிறவர் நம்புவது பொய்.

இரண்டாவது, பின்சக்கரங்களைத் தாங்கும் இடத்தில் தகடு துருவேறி அரித்துப்போயிருந்தது. ஐம்பது ஆண்டு மழையும் சேறும் செய்த வேலை அது. முன்பொரு சமயம் பட்டறைக்காரர் ஒருவர் புட்டி வைத்து நிரப்பி மேலே சாயம் பூசிவிட்டார். பார்வைக்குப் புதிதுபோலிருக்கும்.

மூன்றாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின்தான் நீலப்புகை கக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினால் தெரியாது.

உறவினர்கள் சொன்ன யோசனை நமக்கெல்லாம் பழக்கமானதே: “பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்குகிறான்? உள்ளபடியே பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிவிடுங்கள். பெயர் மாற்றும்போது சர்க்கார் சோதனையும் இருக்கிறதே!” சோதனை இருப்பது உண்மைதான். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிடுவார்கள்; பிரேக்கைச் சோதிப்பார்கள். சாயத்தைச் சுரண்டி அடியில் இருக்கும் புட்டியைத் தேடமாட்டார்கள்.

இனி, சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், தரத்துக்குப் பொறுப்பேற்கும் கடமை பெரும்பாலும் அந்தச் சரக்கிலேயே வியாபாரம் செய்கிறவர்மேல்தான் விழும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தொழிலாக விற்கிறவர்களையே நோக்கியது. நம் நண்பர் விற்பது அரிசியும் பருப்பும். கார் வியாபாரி அல்லர். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இன்னும் சுவையானது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது அது. அதிலே ஒரு குதிரை உதாரணம் வருகிறது. குதிரைக்கு நோயென்று தெரிந்தும் ஒருவன் ஏலத்தில் பேசாமல் விற்கிறான்; இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில், வாங்குகிறவள் அவனுடைய மகள், அண்மையில்தான் வயது நிரம்பியவள். அப்போது சொல்லவேண்டியது அவன் கடமையாகும். மூன்றாவதில், “நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்று எடுத்துக்கொள்வேன்” என்கிறான் வாங்குகிறவன். விற்கிறவன் பேசாமலிருக்கிறான், அங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறதென்று கவனியுங்கள். குதிரை ஒன்றுதான்; நோயும் ஒன்றுதான். அந்நியனிடம் பேசாமலிருக்கலாம், மகளிடம் இருக்கலாகாது. அப்படியாயின் நாம் கேட்கவேண்டிய கேள்வி, எதிரே நிற்பவர் நமக்கு அந்நியரா என்பதே. நாற்பது ஆண்டுகளாகத் தோட்டத்து ஜனங்களைத் தம்பி, பிள்ளை, அம்மா என்று அழைத்து, அவர்கள் நம்மைப் பாய் என்றழைக்க, அந்த உறவின்மேல் கடன் கொடுத்துக் கடன் வசூலித்து வாழ்ந்தவர்கள் நாம். வசூலிக்கும்போது தம்பியாக இருந்தவர், விற்கும்போது மட்டும் அந்நியராகிவிடுவாரா?

மார்க்கத்தின் தீர்ப்போ, அந்நியர், உறவினர் என்று பார்ப்பதே இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, மழையில் நனைந்ததாக வியாபாரி சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவேண்டியதுதானே என்று கண்டித்த செய்தி நாமறிந்ததே. அவ்வியாபாரி பொய் ஏதும் சொல்லியிருக்கவில்லை. காய்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவே. புட்டிக்குமேல் பூசிய சாயமும் அதுவேயன்றோ!

“உள்ளபடியே” என்று எழுதி வாங்குவதைப் பற்றியும் ஒரு பழைய வழக்கு உண்டு. அடிமை வியாபாரம் நடந்த அக்காலத்தில், அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் ஒரு நோயைக் காட்டி முறையிட்டார். விற்கும்போது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு கலீபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் அவர்கள் சத்தியம் செய்ய இசையாமல் அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் நோய் குணமாகி, 1,500 திர்ஹத்துக்கு விலைபோயிற்று. நமக்கு வேண்டியது அந்த லாபக் கணக்கன்று; கலீபா கேட்ட கேள்வியே. நிபந்தனை இருந்ததா என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உமக்குத் தெரியுமா, தெரியாதா என்று கேட்டார்கள்.

இந்த நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இமாம்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஹனபி மத்ஹபு இதற்கு விரிவான இடம் தருகிறது. ஷாபிஈ மத்ஹபிலோ, விற்கிறவர் அறியாத, பிராணியின் உள்ளே மறைந்திருக்கும் குறைக்கு மட்டுமே இது செல்லும். தின்று உயிர்வாழும் பிராணியின் உள்நோயை யார்தான் முற்றும் அறிவார் என்பது அதற்குக் காரணம். பழைய எஞ்சினும் அப்படிப்பட்டதுதானா என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் தெரிந்த ஐபை மறைப்பது ஆகுமென்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. “உள்ளபடி” என்ற சொல் நம் அறியாமைக்குக் குடையாகலாம். அறிந்ததை மூடும் தார்ப்பாயாகக் கூடாது.

நிற்க. ஆட்சேபங்கள் இரண்டைக் கவனிப்போம்.

“ரசிகன் எப்படியும் எல்லாவற்றையும் பிரித்துப் பழுது பார்க்கத்தானே போகிறான்?” என்பது ஒன்று. அதனாலேயே அவருக்கு அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் வாங்குவது காரை மட்டுமன்று. அதில் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். வேலையின் அளவை மறைப்பது, மூட்டையின் எடையை மறைப்பதற்குச் சமம். மேலும், ஆசைப்பட்டவனின் கண் குறையைப் பார்க்காது. அவர் பேரம் பேசாததை அவருடைய சம்மதமென்று கொள்வது நியாயமன்று. புட்டியை நம்பி அவர் புக்கிட் பூத்துஸ் வளைவில் வேகமாகத் திருப்பினால், நஷ்டம் வெள்ளிக் கணக்கோடு நின்றுவிடுமா?

“எல்லாரும் மறைக்கும்போது நான் மட்டும் சொன்னால் எனக்கல்லவா நஷ்டம்?” என்பது மற்றொன்று. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நல்லதையும் கெட்டதையும் வாங்குகிறவர் பிரித்தறிய முடியாதபோது, எல்லாவற்றுக்கும் தாழ்ந்த விலையே கொடுப்பார். அவ்விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வரமாட்டார். முடிவில் சந்தையில் எஞ்சுவது கெட்ட வண்டிகளே என்று அவர் காட்டினார். ஆகவே ஒவ்வொருவரின் மௌனமும் கடைத்தெரு முழுவதின் பெயரையும் சிறிது சிறிதாக அரிக்கிறது. ஆயினும் உண்மை சொன்னால் லாபம் வரும் என்று நான் ஆசைகாட்ட மாட்டேன். பல சமயங்களில் நஷ்டமே வரும். அதைத் தெரிந்துகொண்டே சொல்லவேண்டியிருக்கிறது.

அதேசமயம், விற்கிறவர் தம் சரக்கைத் தாமே இகழவேண்டுமென்பதில்லை. எஞ்சினைக் கழற்றி ஆராயவேண்டுமென்பதும் இல்லை. தெரிந்ததைச் சொல்லவேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும், தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துவந்து பார்க்க இடங்கொடுக்கவேண்டும். வண்டியின் நற்குணங்களையும் தாராளமாகச் சொல்லலாம்; அதுவும் உண்மைதானே!

நண்பர் அப்படியே செய்தார். கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மூன்று குறைகளையும் எழுதி, அடுத்த வாரம் பணத்துடன் வந்த இளைஞர் கையில் கொடுத்தார். இளைஞர் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு மெக்கானிக்குடன் வந்தார். மெக்கானிக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். புட்டி இருந்த இடத்தில் அது ஒட்டவில்லை. புதிய தகடு வைத்துப் பற்றவைக்க ஆகும் செலவைக் கணக்கிட்டார்கள். முடிவில் வண்டி பன்னிரண்டாயிரம் வெள்ளிக்குக் கைமாறிற்று. நண்பர் மனைவியின் கண் சிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. கடைக்கூரை இன்னும் ஒழுகுகிறது.

“ஆறாயிரம் வெள்ளி நஷ்டமாயிற்றே?” என்று கேட்டேன்.

அவர் பேரேட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “நஷ்டம்னு எந்தப் பக்கத்திலே எழுதுறது? என் பெட்டியிலே இருந்து போயிருந்தாத்தானே நஷ்டம்? அது அந்தத் தம்பியோட பணம். அவருகிட்டயே இருக்கு.”

கணக்கெழுதிப் பழகிய நாம், நம் பெட்டியில் இருப்பதையும் ஒருமுறை இந்தக் கணக்கின்படி எண்ணிப் பார்ப்பது நல்லது.